பணப்பையின்றி வந்தவர்கள்: சென்னையில் மார்மன் தூதர்களும் நமது ஊழியமும்

முன்னுரை

தமிழகத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் நிலைத்து நின்ற ஊழியங்களைப் பற்றியே விரிவாக எழுதியுள்ளனர். தரங்கம்பாடி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை, மதுரை என அவ்வரலாறு ஊர் ஊராக விரிகின்றது. முளைத்துச் சில ஆண்டுகளுக்குள் கருகிப்போன முயற்சிகளுக்கு அதில் ஒரு வரி கிடைப்பதும் அரிது. எனினும், விதைத்தவனின் உவமையை நமக்கு அருளிய ஆண்டவர், நல்ல நிலத்தைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தவில்லை. வழியருகையும், கற்பாறை நிலத்தையும், முள்ளுள்ள நிலத்தையும் சீடர் ஆராயுமாறு விட்டுச் சென்றார். விளையாத விதைப்பும் படிக்கத் தக்கதே.

1853ஆம் ஆண்டில் சென்னை வந்திறங்கிய மார்மன் தூதர்களின் அன்றாட வாழ்வை ஆராய்ந்து, அதினின்று நமது ஊழியத்திற்குரிய பாடங்களை எடுத்துக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில், சிறப்பாகப் பிள்ளைப்பாக்கம் சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பணிபுரியும் ஆயர்களையும், அங்குக் களப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம். காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

1. இவர்கள் யார்?

ஜோசப் ஸ்மித் என்பார் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். திருமறைக்கு இணையாக அவர்கள் ஏற்கும் ‘மார்மன் நூல்’ காரணமாக மார்மன்கள் என்னும் பெயர் உலக வழக்காயிற்று. 2018 முதல் அச்சபையின் தலைமை இப்பெயரைத் தவிர்க்குமாறு கேட்டு வருகின்றது. வரலாற்று வழக்குக் கருதியே நாம் அதனை இங்கு ஆளுகின்றோம். 1844இல் ஸ்மித் கொலையுண்ட பின், பிரிகாம் யங் தலைமையில் அச்சபையார் மேற்கு நோக்கிப் பயணித்து 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர்.

நிசேயா விசுவாச அறிக்கை கூறும் திரியேகக் கோட்பாட்டை அவர்கள் ஏற்பதில்லை. திருமறைக்கு வெளியேயும் வேத நூல்கள் உண்டென்பர். இவ்வேறுபாடுகள் சிறியவை அல்ல. அவற்றை மழுப்புவது நேர்மையுமாகாது. ஆயினும், ஒருவருடைய கோட்பாட்டை மறுப்பது வேறு, அவருடைய உழைப்பினின்று கற்பது வேறு. அநியாயமுள்ள உக்கிராணக்காரனிடத்திலும் கற்க ஒன்று உண்டெனக் காட்டிய ஆண்டவரின் மாணவர் நாம்.

2. அழைப்பும் கடற்பயணமும்

1852 ஆகஸ்டு இறுதியில் சால்ட் லேக் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில், நூற்றுக்கு மேற்பட்டோர் உலகின் பல நாடுகளுக்குத் தூதராக அழைக்கப்பட்டனர். முன்னரே கேட்டுச் சம்மதம் பெறும் வழக்கம் அன்று இல்லை. சபை நடுவே பெயர் வாசிக்கப்படும். பெயருக்குரியவர் வீட்டிற்குச் சென்று மனைவியிடம் விடை பெறவேண்டியதுதான். இவ்வாறு இந்தியாவுக்கென ஒன்பது பேரும், சீயாம் நாட்டுக்கென நால்வரும் குறிக்கப்பட்டனர். இவர்களுக்கு முன்பே, 1851 முதல், இங்கிலாந்திலிருந்து வந்த ஓரிருவர் கல்கத்தாவில் ஒரு சிறு சபையைத் தோற்றுவித்திருந்தனர்.

ஒன்பதின்மருள் ஒருவர் ரிச்சர்ட் பாலன்டைன். 1817இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பிரெஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்து, அங்கேயே ஞாயிறு பள்ளி நடத்தியவர். ரொட்டி சுடும் தொழில் கற்றவர். மார்மன் சபையில் சேர்ந்து யூட்டா சென்றபின், 1849 டிசம்பரில் தமது வீட்டிலேயே அப்பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். நம்முடைய மரபில் உருவான ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியரே அவர்களுடைய ஞாயிறு பள்ளிக்கும் தந்தையானார் என்பது கவனிக்கத்தக்கது. அவரும் ராபர்ட் ஸ்கெல்டன் என்பாரும் சென்னைக்கென ஒதுக்கப்பட்டனர்.

பாலைநிலம் கடந்து கலிபோர்னியாவை அடைந்த இவர்களிடம் கப்பற்கட்டணம் இல்லை. ஆங்காங்கே அன்பர்களிடம் காணிக்கை பெற்று, 1853 சனவரி இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ‘மான்சூன்’ என்னும் கப்பலேறினர். ஏறத்தாழ மூன்று மாதம் பசிபிக்கிலும் வங்கக் கடலிலும் கழித்து, ஏப்ரல் இறுதியில், கோடை உச்சத்தில், கல்கத்தா சேர்ந்தனர். அங்கிருந்து பாலன்டைனும் ஸ்கெல்டனும் சூலை மாத இறுதியில் சென்னை வந்தனர். துறைமுகம் கட்டப்படாத காலம் அது. கப்பல் தொலைவில் நிற்க, அலைகளுக்கு ஊடே மசூலாப் படகுகளில் கரை சேரவேண்டும்.

3. சென்னையில் அன்றாட வாழ்வு

அவர்கள் வாழ்வைப் புரிந்துகொள்ள ஒரு விதியை முதலில் அறிதல் வேண்டும். தூதர் பணப்பையும் சாமான் பையும் இன்றிச் செல்லவேண்டும் என்று 1832இல் ஜோசப் ஸ்மித் அறிவித்திருந்தார். சீடரை அனுப்புகையில் ஆண்டவர் கூறிய கட்டளையை (லூக்கா 10) அப்படியே எழுத்தின்படி கைக்கொள்வதாக அவர்கள் கருதினர். எனவே சம்பளம் இல்லை. தலைமையகத்திலிருந்து மாதந்தோறும் வரும் பணமும் இல்லை. உணவும் உறையுளும் கேட்போரின் அன்பினாலேயே வரவேண்டும். ஊதியம் பெறும் போதகரை அவர்கள் வெளிப்படையாகக் குறைகூறினர். நகரத்துக் குருமார் அவர்கள்மீது வெறுப்புற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க எல்லைப்புறக் குடியானவர் நடுவே இம்முறை நடந்தது. அங்கு வழிப்போக்கருக்குக் கதவு திறப்பது ஊர் வழக்கு. கம்பெனி ஆட்சிக்கால இந்தியாவிலோ நிலைமை வேறு. வெள்ளையர் ஒருவர் வேலையாள் இன்றி, பல்லக்கோ வண்டியோ இன்றி, வெயிலில் நடந்து சென்றாலே ஐரோப்பியர் அதனைத் தங்கள் இனத்திற்கு நேர்ந்த இழுக்கென எண்ணினர். இந்தியரோ, அவரையும் ஆளும் கூட்டத்தில் ஒருவராகவே கண்டனர். ஏழையாக வந்தவரை ஏழையென நம்பும் இடமே அங்கு இல்லை.

காலையில் வீடு வீடாகத் துண்டுப்பிரதிகள் கொடுத்தல், மாலையில் தங்கும் இடத்திலேயே சிலரைக் கூட்டிச் சொற்பொழிவாற்றுதல், இடையில் கடிதம் எழுதுதலும் அச்சுக்கூடத்திற்கு அலைதலும் என அவர்கள் நாள்கள் கழிந்தன. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவர்களிடம் உறுதியாக இருந்தது. இன்று இச்செய்திகள் நமக்குக் கிடைப்பதற்கு அதுவே காரணம். மார்மன் கொள்கையைத் தாக்கிச் சென்னையில் புழங்கிய ஓர் ஆங்கிலப் பிரசுரத்திற்குப் பாலன்டைன் 1853இலேயே மறுப்பு எழுதி அச்சிட்டார். 1854இல் ஒரு மாத இதழும் தொடங்கினார்; அது சில இதழ்களோடு நின்றது.

எதிர்ப்பு வலுவாக இருந்தது. பலதார மணத்தை மார்மன் சபை பகிரங்கமாக அறிவித்ததும், இவர்களை அழைத்ததும் அதே 1852 மாநாட்டிலேயாம். அச்செய்தி இவர்களுக்கு முன்பே இந்தியாவை எட்டிவிட்டது. மன்றங்கள் மறுக்கப்பட்டன, செய்தித்தாள்கள் எள்ளின. பாலன்டைன் பலதார மணத்தைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு பிரசுரம் அச்சிட்டார் என்பதிலிருந்தே, மக்கள் அவரிடம் எதனைக் கேட்டனர் என்பது விளங்கும். வடக்கே சென்ற தோழர்களுக்கு இராணுவப் பாளையங்களில் பேச அனுமதி கிடைக்கவில்லை. சீயாமுக்கென வந்தவர்களுள் இருவர் இலங்கைக்குச் சென்று, அங்கும் கதவு திறவாமையால் பம்பாய்க்குத் திரும்பினர்.

உடல் நலிவும் சேர்ந்துகொண்டது. பாலன்டைன் நோயுற்று, 1854 சூலையில் சென்னையை விட்டு லண்டனுக்குக் கப்பலேறினார். ஸ்கெல்டன் ஒரு சிறு கூட்டத்தாரோடு சிலகாலம் தொடர்ந்து உழைத்தார். சென்னையில் சேர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்களும் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஐரோப்பிய வழியினருமாவர். 1856இல் ஸ்கெல்டனும் இந்தியாவை விட்டுச் சென்றார். அத்துடன் அவ்வூழியம் அணைந்தது.

4. ஏன் வேரூன்றவில்லை?

எதிர்ப்பும் பலதார மணமும் நோயும் காரணங்களே. எனினும் இவற்றை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. எதிர்ப்பும் நோயும் சீகன்பால்குவுக்கும் இருந்தன. அவர் 1706இல் தரங்கம்பாடி வந்து, சொந்த நாட்டு அதிகாரியாலேயே சிறையிலடைக்கப்பட்டார், இளமையிலேயே மாண்டார், ஆயினும் அவர் நட்டது நிலைத்தது. வேறுபாடு எங்கே? மூன்றைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, மொழி. சீகன்பால்கு சிறுபிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பழகினார். 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. கால்டுவெல் 1838இல் சென்னையில் இறங்கியபின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்து தமிழ் கற்று, அதன் பின்னரே தெற்கு நோக்கி நடந்தார். பாலன்டைன் சென்னைத் தெருக்களில் ஆங்கிலப் பிரதிகள் கொடுத்துக்கொண்டிருந்த அதே நாள்களில், அதே நகரில், மற்றோர் அமெரிக்கரான மைரன் வின்சுலோ தமது தமிழ் அகராதிக்கு உழைத்துக்கொண்டிருந்தார். 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூல் 1862இல் வெளிவந்தது. மார்மன் தூதர்களின் சென்னைப் பிரசுரங்களோ ஆங்கிலத்திலேயே இருந்தன. பம்பாய்ப் பகுதியில் ஹியூ ஃபிண்ட்லே மராத்தியில் முயன்றதுபோன்ற விதிவிலக்குகள் சிலவே. உலகின் முடிவு அண்மையில் என்று எண்ணியவருக்கு இலக்கணம் பயில நேரமில்லை. விரைவாகச் சொல்ல விரும்பியவர்கள், ஏற்கெனவே தம் மொழி அறிந்தவரிடமே சென்றனர்.

இரண்டாவது, பணப்பை. வெறுங்கையோடு செல்லுதல் எளிமையின் அடையாளமாகத் தோன்றலாம். ஆனால் பணமில்லாத விருந்தினருக்கு யார் உணவளிக்கக் கூடும்? வீடும் வேலையாளும் உடைய ஐரோப்பியரே. ஆகவே, ஏழைகளிடம் போகும்படி கொடுக்கப்பட்ட கட்டளை, நடைமுறையில் அவர்களை வசதியுள்ளோர் வாசலில் நிறுத்தியது. கால்டுவெல்லின் நடையோடு இதனை ஒப்பிடலாம். அவர் நடந்தது மக்களை அறியும் பொருட்டு. இவர்கள் நடந்தது கட்டளையை நிறைவேற்றும் பொருட்டு. பணப்பையின்றி அனுப்பிய ஆண்டவரே, பின்னர், பணப்பை உள்ளவன் அதனை எடுத்துக்கொள்ளட்டும் என்று கூறியதையும் (லூக்கா 22) நாம் சேர்த்துப் படிக்கவேண்டும். கட்டளையின் உயிர், யாரிடம் சேரவேண்டுமோ அவரிடம் சேர்வதில் இருக்கின்றது.

மூன்றாவது, கூட்டிச் சேர்த்தல். சேர்ந்தவர்கள் யூட்டாவாகிய சீயோனுக்குக் குடிபெயர வேண்டுமென்பது அக்காலப் போதனை. வங்காளப் பீரங்கிப்படையைச் சேர்ந்த மேத்யூ மெக்கூன் கல்கத்தாவில் இவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தவர். அவர் தம் குடும்பத்தோடு யூட்டா போய்ச் சேர்ந்தார். கல்கத்தாவில் பிறந்த அவர் மகன் ஆல்பிரட் பின்னாளில் அங்கு இருப்புப்பாதை, சுரங்கத் தொழில்களில் பெருஞ்செல்வரானார். விசுவாசத்தில் உறுதியானவர்கள் எல்லாரும் இவ்வாறு வெளியேறினால், ஊரில் எஞ்சுவது யார்? நாற்று முளைத்தவுடன் பிடுங்கி வேறு வயலுக்கு அனுப்பினால், இவ்வயல் தரிசாகத்தான் இருக்கும். கல்கத்தாவில் 1884இல் மீண்டும் ஒரு சிறு முயற்சி நடந்து, அதுவும் நிலைக்கவில்லை.

5. பின்னாளில் அவர்கள் கற்றவை

தோல்வியினின்று அச்சபை கற்றுக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மை. குடிபெயர்தற் போதனை இருபதாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டு, அவரவர் நாட்டிலேயே சபை கட்டுங்கள் என்னும் அறிவுரை வந்தது. 1961இல் யூட்டாவின் புரோவோ நகரில் தூதர்களுக்கென மொழிப்பயிற்சிக் கூடம் ஏற்பட்டது. 1852இல் பெயர் வாசிக்கப்பட்டபின் மொழி கற்காமலே புறப்பட்ட முறை, புறப்படுமுன் மொழி கற்கும் முறையாக மாறிற்று.

இன்று அச்சபையின் இளைஞர் பதினெட்டு வயது முதலே தூதராகச் செல்லக்கூடும். ஆண்கள் இரண்டாண்டு, பெண்கள் ஒன்றரை ஆண்டு. செலவைத் தாமோ குடும்பத்தாரோ ஏற்கின்றனர். எப்பொழுதும் இருவர் இருவராகவே இருத்தல் வேண்டும். அதிகாலையில் எழுதல், தனிப்பட்ட வேதவாசிப்பு, இருவருமாய்ப் படித்தல், மொழி பயிலுதல், பின்னர் தெருவில் இறங்குதல் என நாளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாரத்தில் ஒருநாள் துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் ஒதுக்கப்படும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் வீட்டாரோடு பேசலாம் என்றிருந்த கட்டுப்பாடு 2019இல் தளர்ந்து, வாரந்தோறும் பேச இடமளிக்கப்பட்டது. தனிமையில் வாடும் இளைஞரின் மனநிலை சபையின் பொறுப்பு என்பதை அவர்கள் மெல்ல மெல்ல உணர்ந்தனர் என்பதற்கு இது சான்று.

தமிழகத்தில் அச்சபையின் மறுதொடக்கம் வெளிநாட்டாரால் நிகழவில்லை. 1950களில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்பார் ஒரு பிரசுரத்தைக் கண்டு, தாமே கடிதம் எழுதித் தொடர்புகொண்டார். திரியேகத்தின் தாசன் எனப் பெயர் பெற்ற ஒருவர், அக்கோட்பாட்டை ஏற்காத சபையில் சேர்ந்த முரண் நமக்குச் சிந்தனை தரவேண்டும்: பெயரில் நாம் இட்ட கோட்பாட்டை உள்ளத்தில் விளக்கினோமா? 1978இல் ஐதராபாத்தில், எட்வின், எல்சி தர்மராஜு தம்பதியர் தம் சொந்த உறவினரிடையே ஊழியத்தைத் தொடங்கினர். மார்மன் நூலின் தெரிந்தெடுத்த பகுதிகள் 1982இல் தமிழில் வெளிவந்தன. 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய ஊழிய மாவட்டம் அமைந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் திறவாத கதவு, உறவின் வழியாகவும் தாய்மொழியின் வழியாகவும் சிறிது திறந்தது.

6. அதே கல்கத்தாவில் வேறொரு தொடக்கம்

மான்சூன் கப்பல் கல்கத்தா சேர்வதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதே நகரில் வேறு நால்வர் வழி தெரியாமல் நின்றனர். ஜெர்மனியின் யோகன்னஸ் காஸ்னர் அனுப்பிய தூதர் அவர்கள். அவர்களுக்கும் செல்வப் பின்னணி இல்லை. கல்கத்தாவின் சாலைகளில் கூலிவேலை செய்துகொண்டிருந்த கறுத்த மேனியரைக் கண்டு, இவர்கள் எவ்விடத்தார் என விசாரித்தனர் என்றும், சோட்டாநாக்பூர் என்னும் மறுமொழியே அவர்களுக்கு அழைப்பாயிற்று என்றும் ஊழிய வரலாறு கூறும். 1845 நவம்பரில் அவர்கள் ராஞ்சி சேர்ந்தனர். ஐந்தாண்டுவரை ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1850 சூனில் உராவ் மக்கள் நால்வர் முதற்கனியாயினர். அவ்விதையே இன்றைய காஸ்னர் சுவிசேஷ லுத்தரன் சபை. 1919இல் அது தன்னாட்சி பெற்றது.

இரு கூட்டத்தாரும் ஏழைகள். இரு கூட்டத்தாரும் ஒரே நகரில் இறங்கினர். ஒரு கூட்டத்தார் தம் மொழி பேசுவோரைத் தேடினர். மற்றக் கூட்டத்தார் சாலையில் மண் சுமந்தவனைப் பார்த்து, உன் ஊர் எது என்று கேட்டனர். வரலாறு அந்த ஒரு கேள்வியில் பிரிந்தது.

7. பிள்ளைப்பாக்கத்தில் நம் கேள்வி

இராமானுசர் பிறந்த ஊரென முன்னர் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், இன்று தொழிற்சாலைகளால் அறியப்படுகின்றது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் கார், கைப்பேசி, கண்ணாடி, மின்கருவிகள் செய்யும் இடங்களாயின. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரே விடுதி வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்கலாம். தென்மாவட்டங்களினின்று வந்த பெண்களோடு, ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார், வங்கம், அசாம் மாநிலத்தாரும் இப்பகுதியில் உழைக்கின்றனர். மூன்று வேளைமுறைகளில் வேலை. ஓர் அறையில் பலர். ஞாயிறு அனைவருக்கும் விடுமுறை நாளன்று.

இவர்களுள் காஸ்னர் சபையிலும் ஒடிசாவின் ஜெய்ப்பூர் லுத்தரன் சபையிலும் பிறந்து வளர்ந்தோரும் உளர். கல்கத்தாச் சாலையில் 1845இல் மண் சுமந்தவரின் வழிவந்தோர், இன்று நமது வாசலில் இரும்பும் பெட்டியும் சுமக்கின்றனர். அவர்கள் நமது மறுதிருச்சபையார். புதிதாகச் சேர்க்கவேண்டிய அந்நியர் அல்லர். அவர்கள் பேசுவது சாதரி, முண்டாரி, குருக், ஒடியா, இந்தி. நமது ஆலயங்களில் காலை ஆராதனை தமிழில். நகரச் சபைகளில் மற்றொன்று ஆங்கிலத்தில். 1853இன் தூதர்கள் ஆங்கிலம் அறிந்தாரை மட்டும் கண்டதுபோல், நாமும் தமிழ் அறிந்தாரை மட்டும் காணும் நிலை நேரலாகாது.

எனவே களப்பணியில் பின்வருவன கருதத்தக்கன. முதலாவது, இத்தொழிற்பகுதிக்கு அனுப்பப்படும் மாணவர், புறப்படுமுன் இந்தியையோ சாதரியையோ நோயாளியிடம் நலம் விசாரித்து ஒரு செபம் சொல்லுமளவேனும் கற்பது. புரோவோவில் அவர்கள் செய்ததை நமது குருமடங்கள் செய்ய இயலாதென்பதில்லை. இரண்டாவது, இருவர் இருவராக அனுப்புதல். இது மார்மன்களின் கண்டுபிடிப்பன்று, ஆண்டவரின் முறை. கூடுமாயின் இருவருள் ஒருவர் தொழிலாளர் நடுவிலிருந்தே எழுந்தவராக இருக்கட்டும். மூன்றாவது, வேலைமுறை முடியும் நேரத்திற்கேற்ப வழிபாட்டு நேரத்தை அமைத்தல். நான்காவது, இங்கு நட்டதைப் பிடுங்காதிருத்தல். ஊர் திரும்பும் தொழிலாளரை அவருடைய தாய்ச்சபைக்குக் கடிதத்தோடு அனுப்புவது நமது கடமை. நமது பதிவேட்டில் எண்ணிக்கை கூட்டுவது நோக்கமாகாது.

வேறொன்றும் உண்டு. பொருத்தமான சட்டையும் பெயர்ப்பட்டையும் அணிந்த இரு மார்மன் இளைஞர் ஒருநாள் ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டக்கூடும். அவர்களுடன் திரியேகத்தைப் பற்றித் தெளிவாகப் பேச நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதற்கு முன், வெயிலில் நடந்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தல் வேண்டும். 1853இல் சென்னைத் திருச்சபைகள் துண்டுப்பிரதிக்குத் துண்டுப்பிரதியால் மறுமொழி கொடுத்தன. அம்மறுப்புகள் மட்டும் நமது மக்களை விசுவாசத்தில் நிலைநிறுத்தவில்லை. தமிழில் வாசித்த வேதமும், ஆயரின் வீட்டுச் சந்திப்புமே நிலைநிறுத்தின.

முடிவுரை

பாலன்டைன் லண்டனுக்குக் கப்பலேறிய பின், 1855இல் ஒரு பெரும் குடியேற்றக் கூட்டத்தை யூட்டாவுக்கு நடத்திச் சென்றார். அவருடைய தோழர்களுள் பர்மாவில் இரண்டாண்டு உழைத்துப் பலன் காணாத லீவை சாவேஜ் என்பார், 1856இல் கைவண்டி இழுத்துச் சென்ற ஒரு கூட்டத்தோடு நாடு திரும்பினார். பருவம் தவறிவிட்டது, பனியில் மக்கள் மடிவர் என்று அவர் எச்சரித்தார். கூட்டம் கேளாமல் புறப்பட முடிவு செய்தபோது, அவரும் அவர்களைவிட்டுப் பிரியாமல் உடன் சென்றார். அஞ்சியபடியே பலர் மாண்டனர். அவர் இறுதிவரை அவர்களுக்கு உதவினார். பர்மாவில் ஒருவரையும் வெல்லாதவர், பனிவெளியில் நல்ல ஆயரைப்போல் நடந்துகொண்டார்.

கோட்பாட்டில் நாம் அவரோடு உடன்படோம். ஆனால் மக்களோடு நடத்தல் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு, அவர் வாழ்வைச் சுட்டிக்காட்டத் தயங்கமாட்டோம். இரவு வேலைமுறை முடிந்து பிள்ளைப்பாக்கம் சாலையில் விடுதிக்குத் திரும்பும் இளைஞரிடம், அவருக்குப் புரியும் மொழியில், உன் ஊர் எது என்று கேட்கும் ஊழியர் எழும்புவாராக. அக்கேள்வியினின்றே ஊழியம் தொடங்கும்.